நுரையீரல் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்: அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறார். 40 வருட பீடிப் பழக்கம். ஆறு மாதமாக இருமல் இருந்ததால், டி.பி.யாக இருக்கலாம் என்று மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டார். குறையவில்லை. பிறகு ஸ்கேன், பயாப்சி எல்லாம் எடுத்துப் பார்த்ததில் வலது நுரையீரலின் மேல் பகுதியில் மூன்றரை சென்டிமீட்டர் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது. வேறு எங்கும் பரவவில்லை, அறுவை சிகிச்சை செய்யலாம் என்று மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரையும் இருக்கிறது. நுரையீரலை வெட்டி எடுத்தால் எப்படி மூச்சு விடுவார்? கத்தி பட்டால் பரவிவிடும் என்று சித்தப்பா சொல்கிறார். எத்தனை நாள் ஆஸ்பத்திரி, எவ்வளவு வலி, வீட்டுக்கு வந்தால் என்ன கொடுக்கலாம்? பத்து வாரத்தில் தம்பி கல்யாணம் வேறு. அப்பாவிடம் "சளிக்கட்டி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். உண்மை தெரிந்தால் உடைந்துபோவார்.
ஒரு மகள், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்கு என்ன முடிவு எடுக்கிறீர்களோ, மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் நடக்கும்.

அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நுரையீரல் ஆபரேஷன் மற்ற ஆபரேஷன் மாதிரி இல்லை. பித்தப்பையில் கல் எடுத்தால் டாக்டர் வேலையை முடித்துவிடுவார், நோயாளி படுத்திருந்தாலும் புண் ஆறிவிடும். இங்கே சர்ஜனின் வேலை மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் உள்ள வேலை முழுவதும் நோயாளியுடையது. ஆழமாக மூச்சை இழுக்க வேண்டும், இருமிச் சளியைத் துப்ப வேண்டும், மறுநாளே எழுந்து நடக்க வேண்டும். எல்லாமே வலியோடு செய்ய வேண்டியவை. வெறும் சளிக்கட்டிதான் என்று நம்பிக்கொண்டிருப்பவர் எதற்காக அந்த வலியைத் தாங்குவார்?

பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஒருவர் வந்தார். அவர் வீட்டிலும் இப்படித்தான் மறைத்திருந்தார்கள். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. இரண்டாம் நாள் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "ஒரு கட்டிக்கு இத்தனை பாடா, என்னை விடுங்க" என்று இரும மறுத்துவிட்டார். நான்காம் நாள் நுரையீரலில் சளி தங்கி நிமோனியா வந்தது. அவர் பிழைத்து வீட்டுக்குப் போனார், ஆனால் ஒரு வாரத்தில் போக வேண்டியவர் மூன்று வாரம் கிடந்தார். அன்றிலிருந்து, நோயாளிக்குத் தெரியாமல் நான் இந்த ஆபரேஷனைச் செய்வதில்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவதும் அவர்தானே.

சொல்வதற்குக் குடும்பமே சுற்றி உட்கார வேண்டாம். அவர் யாரிடம் மனம்விட்டுப் பேசுவாரோ அந்த ஒருவர் போதும். கடையைச் சாத்திவிட்டு வந்து, சாப்பிட்டு முடித்த நேரமாகப் பாருங்கள். "டாக்டர் சொன்னதில் உங்களுக்கு என்னப்பா புரிஞ்சுது?" என்று முதலில் அவரைப் பேசவிடுங்கள். பெரும்பாலும் அவருக்கே சந்தேகம் வந்திருக்கும். ஸ்கேன் எடுத்த இடத்தின் போர்டைப் படிக்கத் தெரியாதவரா அவர்? புற்றுநோய் என்ற சொல்லைச் சொல்லும்போதே, பரவவில்லை, எடுத்துவிடக்கூடிய நிலையில்தான் இருக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். அது ஆறுதலுக்குச் சொல்லும் பொய் இல்லை. இந்த நோயோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிப் போயிருக்கும். உங்கள் அப்பா அதற்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

டி.பி. மாத்திரையில் மூன்று மாதம் போய்விட்டதே என்ற வருத்தம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. நம் ஊரில் இது அடிக்கடி நடக்கிறது. டி.பி.யும் நுரையீரலின் மேல் பகுதியில்தான் அதிகம் வரும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே மாதிரி நிழலாகத் தெரியும், இருமலும் எடை குறைவதும் இரண்டிலும் உண்டு. சளிப் பரிசோதனையில் கிருமி தெரியாமலே டி.பி. மருந்து கொடுத்து, குறையவில்லை என்றால், சீக்கிரமே சி.டி. ஸ்கேனுக்குப் போய்விட வேண்டும். படிக்கிற மற்றவர்களுக்காக இதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

அடுத்து, சித்தப்பாவின் பயம். கத்தி பட்டாலோ காற்றுப் பட்டாலோ புற்றுநோய் பரவும் என்பது உண்மையில்லை. ஆனால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. புற்றுநோய் உடலில் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் இல்லாத காலத்தில், நெஞ்சைத் திறந்து பார்த்த பிறகுதான் ஏற்கெனவே பரவியிருப்பது தெரியவரும். மூடித் தைத்து அனுப்புவார்கள். சில மாதத்தில் அவர் இறந்துபோனால், ஊர் கத்தியைத்தான் குறை சொல்லும். இன்று பரவலை முன்கூட்டியே தேடுகிறோம். உடல் முழுவதற்கும் பெட் ஸ்கேன், தேவைப்பட்டால் மூளைக்கு எம்.ஆர்.ஐ., மூச்சுக்குழாய் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியை விட்டு நெஞ்சின் நடுவிலுள்ள நெறிக்கட்டிகளிலிருந்து ஊசியில் சதை எடுப்பது. இந்தக் கடைசிச் சோதனையைச் சொன்னால் தயங்காதீர்கள். பழைய டி.பி. தழும்பும் பெட் ஸ்கேனில் பளிச்சென்று ஒளிரக்கூடும் என்பதால், நம் நாட்டில் ஸ்கேனை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

சரி, மூச்சு எப்படி விடுவார்? இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. அவற்றைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்தால் மொத்தம் 19 என்று சர்ஜன்கள் கணக்கு வைத்துக்கொள்வோம். வலது மேல் மடலில் இருப்பது 3. அதை எடுத்தால் 19-இல் 16 மீதி. மூச்சுத்திறன் பரிசோதனை என்று ஒரு குழாயில் ஊதச் சொல்லியிருப்பார்களே, அதில் வந்த அளவை இந்தக் கணக்கோடு பெருக்கி, ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு மிஞ்சும் என்று பார்ப்போம். அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 60 சதவீதத்துக்கு மேல் மிஞ்சும் என்றால் பொதுவாகக் கவலையில்லை. குறைவாக வந்தால் நடக்கவிட்டும் மாடிப்படி ஏறவிட்டும் பார்ப்போம். அந்தக் காலத்து சர்ஜன்கள் நோயாளியோடு தாங்களும் படி ஏறிப் பார்ப்பார்கள். இன்றும் அந்தச் சோதனைக்கு மதிப்பு இருக்கிறது.

எடுத்த இடம் வெற்றிடமாகவும் இருக்காது. மீதி மடல்கள் விரியும், கீழே உதரவிதானம் கொஞ்சம் மேலே ஏறும், இடம் நிறைந்துவிடும். ஒரு மடல் என்ன, முழு நுரையீரலையே எடுத்தும் வாழ்கிறார்கள். 1933-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற சர்ஜன், புற்றுநோய்க்காக ஒருவரின் இடது நுரையீரலை முழுவதுமாக ஒரே ஆபரேஷனில் எடுத்தார். ஜேம்ஸ் கில்மோர் என்ற அந்த நோயாளியும் டாக்டர்தான். அதற்குப் பிறகு தன் தொழிலுக்கே திரும்பிப் போய் 30 வருடம் வாழ்ந்தார். சிகரெட் பிடித்துவந்த கிரஹாம் 1957-இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். 1950-இல் புகைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்றை எழுதியவர்களில் அவரும் ஒருவர். பீடியைப் பற்றி அப்பாவிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள்.

இந்த மூன்று வாரம் பொன்னான நேரம். அதில் அவர் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

பீடியை இன்றே நிறுத்த வேண்டும். ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பே விட்டிருந்தால் நல்லது, ஆனால் இப்போது விட்டாலும் பலன் உண்டு. விட்ட ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு இறங்கி, பிராணவாயு நன்றாகச் சேரும். விட்ட புதிதில் சிலருக்குச் சளி அதிகமாக வரும். "விட்டதும்தான் சளி கட்டுது" என்று அவர் மறுபடி பற்றவைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைந்து கிடந்தது வெளியே வருகிறது, வரட்டும்.

மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் மூச்சுக் கருவி ஒன்று மருந்துக் கடையில் கிடைக்கும், சில நூறு ரூபாய்தான். பலர் அதை வாயில் வைத்து ஊதுகிறார்கள். ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது மாதிரி மெதுவாக, நீளமாக இழுத்து, பந்து மேலே நிற்கும்படி இரண்டு மூன்று நொடி பிடித்து, பிறகு விட வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்து தடவை. கடையில் கல்லாப்பெட்டி பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வலி இல்லாத இப்போது பழகினால்தான் வலிக்கும்போது கை தானாக அதைத் தேடும். இருமப் பழகுவதும் அப்படித்தான். ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்து, ஆழமாக மூச்சிழுத்து, அடித்தொண்டையிலிருந்து இல்லாமல் வயிற்றிலிருந்து இரும வேண்டும். தினமும் காலையும் மாலையும் அரை மணி நேரம் நடக்கட்டும்.

சர்க்கரையை இந்த மூன்று வாரத்தில் கட்டுக்குள் கொண்டுவந்தால் புண் சீழ் பிடிக்கும் வாய்ப்பு குறையும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள், சித்த, ஆயுர்வேத மருந்து இருந்தால் அதையும் சேர்த்து. க்ளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் ஆடுகிறதா, சொத்தை இருக்கிறதா என்றும் பாருங்கள். வாய் சுத்தமாக இருந்தால் நிமோனியா பயம் குறையும், எனவே தினமும் இரண்டு வேளை பல் துலக்கட்டும். எடை குறைந்திருந்தால் முட்டை, பருப்பு, மீன், பால் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், ஆஸ்பத்திரியில் அதற்கென்று உள்ள கவுன்டரில் இப்போதே விசாரியுங்கள். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. முன் அனுமதி வாங்கச் சில நாள் ஆகும், அட்மிட் ஆகும் நாளில் போய் நின்றால் அலைய வேண்டிவரும்.

ஆபரேஷன் நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு கிடையாது, தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்று அவர்கள் சொல்வார்கள். தொண்டை வழியாகப் போடும் குழாய் ஒரு நுரையீரலை மட்டும் இயக்கி மற்றதைச் சுருங்க வைக்கும். அது கொஞ்சம் தடிமனான குழாய் என்பதால் ஓரிரு நாள் தொண்டை கரகரக்கும். சின்னத் துளைகள் போட்டு கேமரா வைத்துச் செய்வார்களா, விலாவுக்கு இடையில் திறந்து செய்வார்களா என்று சர்ஜனிடம் கேளுங்கள். கேமராவில் ஆரம்பித்துத் திறக்க வேண்டிவந்தால் அதை ஏதோ தவறு நடந்ததாக நினைக்க வேண்டாம். ரத்தக்குழாயை ஒட்டி வேலை செய்கிறோம், பாதுகாப்புதான் முதலில். அனுபவமுள்ள இடங்களில் ஒரு மடலை எடுக்கும் ஆபரேஷனில் உயிருக்கு ஆபத்து நூறில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். அது பூஜ்யமில்லை என்பதையும் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதல் தடவை ஐ.சி.யூ.வில் அவரைப் பார்க்கும்போது பயந்துவிடாதீர்கள். கையில், கழுத்தில் ஊசிக் குழாய்கள், சிறுநீர்க் குழாய், விலாப் பக்கத்திலிருந்து ஒன்றோ இரண்டோ தடித்த குழாய்கள். அந்தத் தடித்த குழாய் தரையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலுக்குப் போகும். அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கூட இருப்பவர்கள் அதையே பார்த்துக் கலங்குகிறார்கள். அவர் மூச்சுவிடும்போது குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்கும், அது சரிதான். இருமும்போது குமிழ் வரும். வெட்டிய இடத்திலிருந்து காற்று கசிகிறது என்று அர்த்தம், பெரும்பாலும் சில நாளில் தானாக அடைபடும். ரத்தம் கலந்த நீர் வருவதும் எதிர்பார்த்ததுதான், நாளாக ஆக நிறம் வெளுக்கும். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும். நடக்கும்போது வாளி தூக்குவது மாதிரி கீழே பிடித்துக்கொள்ளுங்கள், கட்டில்மேல் வைக்கவே கூடாது. கசிவு நின்று, நீர் குறைந்ததும் குழாயை எடுத்துவிடுவார்கள். ஐந்து நாளைத் தாண்டியும் கசிந்தால் இன்னும் சில நாள் தங்க வேண்டிவரும், சிலர் குழாயோடும் பையோடும் வீட்டுக்கே போய் அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்வார்கள். பொதுவாகக் கேமரா முறை என்றால் நான்கைந்து நாள், திறந்த முறை என்றால் ஒரு வாரம்.

வலி இருக்கும். இல்லையென்று சொல்ல மாட்டேன். முதுகில் போடும் சின்ன டியூப் வழியாகவோ, விலா நரம்பின் பக்கத்திலோ மரத்துப்போகும் மருந்து கொடுப்பார்கள், கூடவே ஊசியும் மாத்திரையும். நம் ஊர் ஆண்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, வலியைச் சொன்னால் கௌரவக் குறைச்சல் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். அவர் அப்படிக் கிடந்தால் ஆழமாக மூச்சிழுக்க மாட்டார், இரும மாட்டார். "வலி குறைஞ்சாத்தான் இரும முடியும், கேட்டு வாங்கிக்குங்கப்பா" என்று சொல்லுங்கள். மறுநாளே நாற்காலியில் உட்காரவும், வார்டில் நாலு அடி நடக்கவும் சொல்வார்கள். பார்க்க மனசு கேட்காது, ஆனாலும் "பாவம், தூங்கட்டும்" என்று பிசியோதெரபிஸ்டைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

இரண்டு முதல் நான்காம் நாளுக்குள் சிலருக்கு இதயத் துடிப்பு திடீரென்று வேகமாகவும் ஒழுங்கில்லாமலும் ஓடும். ஹார்ட் அட்டாக் என்று நினைத்து குடும்பமே அழும். அது வேறு. மருந்து கொடுத்தால் அநேகமாக அடங்கிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்களின் பத்தியம் ஆரம்பிக்கும். தயிர் வேண்டாம், பழம் வேண்டாம், குளிர்ச்சி, சளி பிடிக்கும் என்பார்கள். தயிரும் பழமும் முட்டையும் மீனும் சாப்பிடலாம், சாப்பிட வேண்டும். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும் என்பதால் கீரை, பழம், தண்ணீர் கூடுதலாகவே வேண்டும். டாக்டர் சொன்ன நாளிலிருந்து வெந்நீரில் குளிக்கலாம், தழும்பைத் தேய்க்க வேண்டாம். தைலமும் மஞ்சளும் புண்ணில் வேண்டாம். சாம்பிராணிப் புகை, ஊதுபத்தி, விறகடுப்புப் புகை இவையெல்லாம் அவர் இருக்கும் அறைக்கு வரக்கூடாது.

ஆறு வாரத்துக்கு அரிசி மூட்டை, எண்ணெய் டின் எதையும் தூக்கக்கூடாது. கடைக்காரர் சும்மா இருக்க மாட்டார் என்று தெரியும், கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஸ்கூட்டரும் அதுவரை வேண்டாம். ஆனால் வலது கையை அசைக்காமல் வைத்துக்கொண்டால் தோள் இறுகிவிடும். தலை சீவுவது, கொடியில் துணி போடுவது மாதிரி கையைத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும். மார்புக்குக் கீழே மரத்துப்போன மாதிரியும், சில நேரம் எரிச்சலாகவும் சுரீரென்றும் இருக்கும். விலா நரம்பு பட்ட பாடு அது, மாதக்கணக்கில் மெல்லக் குறையும். தூக்கத்தைக் கெடுத்தால் நரம்பு வலிக்கென்றே மாத்திரை இருக்கிறது, கேளுங்கள். வறட்டு இருமலும் சில வாரம் நீடிக்கலாம்.

இவை வந்தால் மட்டும் காலை வரை காத்திருக்காதீர்கள்: திடீர் மூச்சுத்திணறல், குளிர் காய்ச்சல், புண்ணில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைச்சதை வலிப்பது, சளியில் நல்ல ரத்தம், அல்லது இருமும்போது வாய் நிறையத் தண்ணீராகவோ பழுப்பு நீராகவோ கொட்டுவது. உடனே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒன்றிரண்டு வாரத்தில் எடுத்த மடலின் பரிசோதனை முடிவு வரும். உண்மையான நிலை அதில்தான் தெரியும். கட்டி 4 சென்டிமீட்டருக்குள் இருந்து, எடுத்த நெறிக்கட்டிகள் எதிலும் நோய் இல்லையென்றால் பெரும்பாலும் கீமோ தேவைப்படாது. நெறிக்கட்டியில் இருந்தால் வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு கீமோ சொல்வார்கள். ஸ்கேனில் சுத்தமாக இருந்தது நுண்ணோக்கியில் வேறு மாதிரி தெரிவதும் உண்டு, அதற்கு மனதைத் தயாராக வைத்திருங்கள். அடினோ (அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய்) என்று வந்தால், இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணு மாற்றங்களைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இருந்தால் அதற்கென்று மாத்திரைகள் உண்டு. அதற்கப்புறம் முதல் இரண்டு மூன்று வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன், பிறகு வருடத்துக்கு ஒன்று.

தம்பி கல்யாணம், நீங்கள் சொன்ன கணக்குப்படி, ஆபரேஷன் முடிந்து ஏழு வாரத்தில் வருகிறது. எல்லாம் ஒழுங்காகப் போனால் அப்பா மணமேடையில் நிற்கலாம். கல்யாணத் தேதியை இப்போதே சர்ஜனிடமும், பிறகு கீமோ என்றால் அந்த டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள், ஒரு வாரம் முன்னே பின்னே அமைத்துக்கொள்ள முடியும். காரில் போகும்போது சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருமுவதற்கு வைத்திருக்கும் அதே தலையணையை வைத்துக்கொள்ளட்டும். ஓமப் புகை அவர் பக்கம் அடிக்காத மாதிரி நாற்காலியைப் போடுங்கள். வரவேற்பில் இரவு வரை நிற்க வைக்காமல், தாலி கட்டி முடிந்ததும் சாப்பிட வைத்து அறைக்கு அழைத்துப் போய்விடுங்கள்.